மார்கழிப் பனியும் முதல் எழுத்தும்: கோபி வட்டாரத்து எல்.கே.ஜி. வகுப்பு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

மழலையர் பள்ளிகளுக்கென்று விற்கிற குளிர்காலச் செயல்பாட்டுப் பெட்டியைத் திறந்தால் பஞ்சு இருக்கும், தெர்மாகோல் உருண்டை இருக்கும், பனிமனிதன் படம் இருக்கும், கையுறை வடிவத்தில் வெட்டிய அட்டை இருக்கும். தட்டில் பஞ்சைப் பரப்பி, அதற்குள் விரலை விட்டு எழுத்தை வரைய வேண்டும் என்பது பயிற்சி. பனி கொட்டுகிற நாட்டில் இது நல்ல பயிற்சிதான். காலையில் வாசலில் தொட்ட பனியைக் குழந்தை வகுப்பில் வேறு பொருளாக மறுபடி தொடுகிறது. கைக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்றோடு எழுத்து போய்ச் சேருகிறது. ஈரோடு மாவட்டத்துக் கோபிச்செட்டிபாளையம் பக்கத்துக் குழந்தைக்குப் பஞ்சு என்றால் அம்மா வேலைக்குப் போகிற மில். பனிமனிதன் யாரென்றே தெரியாது.

அதே பயிற்சியை நம் ஊர் மார்கழிக்கும் தைக்கும் மாற்றிச் செய்தபோது ஓர் எல்.கே.ஜி. வகுப்பில் நடந்ததை இங்கே எழுதுகிறேன். அந்த வகுப்பின் ஆசிரியை நான்தான். குழந்தைகளின் பெயர்களையும் பள்ளியின் பெயரையும் சொல்லவில்லை.

வகுப்பு

ஊர் தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் இருக்கிறது. நெல்லும் மஞ்சளும் கரும்பும் வாழையும் சூழ்ந்த இடம். பெற்றோரில் பாதிப் பேர் தோட்டங்காடு உள்ளவர்கள், மீதிப் பேர் மில்லுக்கும் பனியன் கம்பெனிக்கும் போகிறவர்கள். வகுப்பில் 22 குழந்தைகள், எல்லாருக்கும் மூன்றரை முதல் நாலரை வயது. ஜூனில் சேர்ந்த பிள்ளைகள் கார்த்திகை முடிவதற்குள் அ முதல் ஔ வரை ராகம் போட்டுச் சொல்லிவிட்டார்கள். பலகையில் 'ம' எழுதினால் பலர் அடையாளம் சொன்னார்கள். ஆனால் கையில் பென்சில் வந்தால் வேலை நின்றுவிடும்.

மூன்று குழந்தைகளை மட்டும் தனியாகச் சொல்கிறேன், மற்றவர்களின் சிக்கல் ஏதோ ஒரு வகையில் இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும் என்பதால்.

முதலாவது ஒரு பையன். ஈரம், பிசுக்கு, மாவு எதுவும் கையில் படக் கூடாது. களிமண் உருண்டையைக் கொடுத்தால் இரண்டு விரல் நுனியில் தொட்டுவிட்டு டவுசரில் துடைத்துக்கொள்வான். பென்சிலை முஷ்டியால் பிடிப்பான், கொஞ்ச நேரத்தில் கீழே வைத்துவிடுவான். இரண்டாவது ஒரு பெண் குழந்தை. அழுத்தி எழுதுவாள், பென்சில் முனை ஒடியும், நோட்டில் அடுத்த பக்கம் வரை பள்ளம் விழும். நாலு எழுத்து எழுதியதும் கை வலிக்கிறது என்பாள். உண்மையில் வலிக்கத்தான் செய்யும். மூன்றாவது குழந்தையும் பெண்தான். எல்லாக் கோட்டையும் கீழிருந்து மேலே இழுப்பாள். எழுத்து பார்க்கச் சரியாக இருக்கும், எழுதிய வழிதான் தலைகீழ்.

கை தயாராகும் விதம்

பெரியவர்களின் மணிக்கட்டில் 8 சின்ன எலும்புகள் உண்டு. பிறக்கும்போது அவை வெறும் குருத்தெலும்பு. ஒவ்வொன்றாகத்தான் எலும்பாக மாறி வருகின்றன. 4 வயதில் ஏறக்குறைய பாதிதான் ஆகியிருக்கும், கடைசி எலும்பு வர 8 வயதையும் தாண்டிவிடும். அந்த மணிக்கட்டை நோட்டில் பதித்துக்கொண்டு, விரல்களை மட்டும் அசைத்து, இரட்டைக் கோட்டுக்குள் எழுது என்கிறோம். அந்த வயதுக் குழந்தை தோளிலிருந்தும் முழங்கையிலிருந்தும்தான் கோடு போடும். விரலசைவு கடைசியில்தான் வரும்.

வடிவங்களுக்கும் ஒரு வரிசை உண்டு. மேலிருந்து கீழே வரும் கோடு முதலில் வரும், அப்புறம் படுக்கைக் கோடு. வட்டத்தைப் பார்த்து வரைய ஏறக்குறைய 3 வயதாகும், கூட்டல் குறிக்கு 4, சதுரத்துக்கு நாலரை, முக்கோணத்துக்கு 5. இதைத் தமிழ் எழுத்துகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சுழித்து, வளைந்து, படுத்து, நிமிர்ந்து முடிகிற 'அ'வை முதல் எழுத்தாகப் பிடித்துக்கொண்டு நாம் தொடங்குகிறோம். சொல்லிப் பழக அ, ஆ வரிசை அருமையான வரிசை. அதை யாரும் மாற்ற வேண்டியதில்லை. எழுதிப் பழக மட்டும் ட, ப, ம என்று போனால் குழந்தையின் கை அதற்கு ஒத்துக்கொள்ளும். இறக்கி வலப்பக்கம் இழுத்தால் ட. அதையே மேலே ஏற்றினால் ப. ஏற்றிய கோட்டை உள்ளே வளைத்து இறக்கினால் ம. மூன்றும் தெரிந்து புள்ளியும் வைக்கத் தெரிந்தால் படம், பட்டம், மட்டம் என்று எழுதிவிடலாம்.

தொட்டு எழுதுவது நமக்குப் புதிதல்ல. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலில் விரலால் எழுதிய தலைமுறை இங்கே உண்டு, விஜயதசமிக்கு அரிசியில் எழுத வைக்கிற வழக்கம் இன்றும் உண்டு. 1907-ல் ரோமில் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கிய மரியா மாண்டிசோரி உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துகளை விரலால் தடவ வைத்தார். 1939-ல் சென்னை அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். இரண்டு வழியும் ஒன்றைத்தான் சொல்கின்றன: எழுத்தின் பாதையைக் கை முதலில் அறியட்டும், பென்சில் பிறகு வரட்டும். எந்தப் பொருளைத் தொடக் கொடுப்பது என்பது மட்டும்தான் எங்கள் முன் இருந்த கேள்வி. கோபி பக்கம் மார்கழியில் அதற்குப் பஞ்சமே இல்லை.

கோலமாவு

அதிகம் பலன் தந்தது இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கடையில் விற்கிற வெள்ளைக் கோலப்பொடி பெரும்பாலும் கல்லை அரைத்த தூள். குழந்தைகள் குனிந்து மூச்சு விடுகிற உயரத்துக்கு அது வேண்டாம் என்று முதலிலேயே முடிவு செய்தோம். பச்சரிசியைக் கொஞ்சம் குருணையாக உடைத்து, மார்கழி ஈரத்தில் கட்டி பிடிக்காமல் இருக்க லேசாக வறுத்து ஆறவைத்தோம். நைஸ் மாவு விரலில் ஒட்டிக்கொள்ளும். குருணை மாவுதான் விரலிடுக்கில் ஒழுங்காக இறங்கும்.

ஒரு குழந்தையின் அமுச்சி (அம்மாவைப் பெற்ற பாட்டி) தினமும் பேரனைக் கொண்டுவந்து விடுவார். விடிகாலை வாசல் தெளித்துக் கோலம் போட்டு, சாணிப் பிள்ளையார் பிடித்துப் பூசணிப்பூ வைத்துவிட்டு வருகிறவர். அவரிடம் கேட்டோம். "அதுக்கென்னுங்க மிஸ்ஸு, நா வர்றனுங்க" என்று மறுநாளே வந்து வராந்தாவில் குந்திவிட்டார்.

அவர் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் கோலம் அல்ல, மாவு எடுப்பது. "கண்ணு, உள்ளங்கைல அள்ளக் கூடாது. மூணு வெரல்ல எடு. கட்டவெரல மெல்லத் தேய், மாவு தானா எறங்கும்." பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல். பென்சிலைப் பிடிக்க வேண்டியதும் இதே மூன்று விரல்தான். பெருவிரலைத் தேய்த்துத் தேய்த்து மாவை இறக்கும்போது விரல் மூட்டுகளுக்குக் கிடைக்கிற சின்ன அசைவுதான் பிற்பாடு எழுதும்போது பென்சிலை நகர்த்துகிறது. "இப்படிப் பிடி" என்று பென்சிலை வைத்து எத்தனை முறை விரலை மடக்கிவிட்டாலும் வராத பிடி, மாவில் சொல்லாமலே வந்தது. முஷ்டியில் பிடித்தால் மாவு இறங்காது, அவ்வளவுதான் காரணம். திருத்துவதற்கு யாரும் தேவைப்படவில்லை.

முதல் வாரம் முழுக்கப் புள்ளி மட்டும். அப்புறம் நாலு புள்ளியைச் சதுரமாக வைத்து, மேல் புள்ளியிலிருந்து கீழ்ப் புள்ளிக்கு ஒரு கோடு, அங்கிருந்து வலது புள்ளிக்கு ஒரு கோடு. அமுச்சி அதைக் கோலத்தின் பாதி என்று சொன்னார், நான் 'ட' என்று சொன்னேன். குழந்தைகளுக்கு இரண்டும் சரியாகவே பட்டது. மூன்றாவது கோடு ஏறியதும் ப. நாலு பக்கமும் மூடினால் கட்டம், அதற்குள் ஒரு பூசணிப்பூ. கடைசியில் புள்ளியைச் சுற்றி வளைக்கிற கோலத்துக்குப் போனோம். 'அ'வுக்கும் 'இ'க்கும் வேண்டிய சுழி அதில் இருக்கிறது.

குந்தி உட்கார்ந்து கையை நீட்டிப் போடுவதால் தோளும் முதுகும் சேர்ந்து வேலை செய்கின்றன. மேசை முன்னால் சரிந்து சரிந்து விழுகிற குழந்தைகள் கோலத்தின் முன்னால் திடமாக உட்கார்ந்திருந்ததை உதவியாளர் அக்காதான் முதலில் கவனித்துச் சொன்னார்.

அழுத்தி எழுதுகிற பெண் குழந்தைக்கு மாவு ஒரு நல்ல அளவுகோலாக இருந்தது. அழுத்தி விட்டால் மாவு கொத்தாக விழும். கொத்து விழுந்த இடத்தை ஊதிவிட்டு அவளே மறுபடி போடுவாள். கையை எவ்வளவு லேசாக வைக்க வேண்டும் என்பதை அவள் கண்ணால் பார்க்க முடிந்தது. பென்சில் கோட்டில் அது தெரிவதில்லை.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வகுப்பில் ஒருவன் இடது கைக்காரன். அமுச்சி பழக்கதோஷத்தில் "சோத்தாங்கையில எடு சாமி" என்றார். நான் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, இடது கையிலேயே போடட்டுமுங்க, கையை மாற்றினால் எழுத்து குழம்பும் என்றேன். பெரிய மனுஷி, உடனே ஒத்துக்கொண்டார். அதன்பிறகு அவனுக்கு எதிரில் உட்கார்ந்து தானும் இடது கையில் போட்டுக் காட்டினார்.

வேன் கண்ணாடியும் போசியும்

மாவைத் தொடாத பையனுக்கு வழி வேறு பக்கத்திலிருந்து வந்தது. ஒரு நாள் வேன் ஓட்டும் அண்ணன், "ஏனுங்க மிஸ், இந்தப் பையன் கண்ணாடி பூரா கிறுக்கித் தள்றானுங்க" என்றார். மார்கழிக் காலையில் வாய்க்கால் ஓரமெல்லாம் மூடுபனி நிற்கும், வேனின் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பத்துப் பிள்ளைகள் உள்ளே மூச்சு விட்டால் கண்ணாடி வெளுத்துப்போகும். அதில் அவன் வட்டம், கோடு, வீடு என்று போட்டுக்கொண்டு வருகிறான்.

யோசித்துப் பார்த்தால் அது அவனுக்குத் தோதான பொருள். விரல் நுனி மட்டும்தான் நனைகிறது. கையில் எதுவும் ஒட்டுவதில்லை. தப்பாகப் போட்டாலும் கொஞ்ச நேரத்தில் மறைந்துவிடும். நிற்கிற பரப்பில் எழுதும்போது மணிக்கட்டு தானாகப் பின்னால் மடிந்து விரல்களுக்கு நல்ல நிலை கிடைக்கிறது. கரும்பலகையில் எழுதுவது நோட்டில் எழுதுவதைவிடச் சின்னக் கைக்கு எளிது என்பதற்கும் இதுவே காரணம்.

வகுப்பில் இதை எப்படிக் கொண்டுவருவது? எவர்சில்வர் தூக்குப்போசியில் (தூக்குவாளியில்) ஐஸ் தண்ணீர் ஊற்றி வைத்தோம். கொஞ்ச நேரத்தில் வெளியே முத்து முத்தாக வேர்த்து, போசி முழுக்க ஆவி படிந்த மாதிரி ஆகிவிடும். அதில் விரலால் எழுத வேண்டும். எழுதிய இடம் பளபளவென்று தெரியும், மற்ற இடம் மங்கலாக இருக்கும். அவன் போசிக்கு முன்னால் நின்று 'ட' போட்டான். வழிந்த நீர் விரலைத் தொட்டது, கையை எடுத்தான், துடைக்கப் போனான், துடைக்காமல் மறுபடி வைத்தான். அடுத்து ஈரத்துணி, அடுத்து ஈர மணல், கடைசியில்தான் மாவு. இந்த வரிசையில் அவனே நகர்ந்தான். கையைப் பிடித்து மாவுக்குள் அழுத்துவது போன்ற கொடுமை வேறில்லை. தொடுவதற்குக் கூசுகிற குழந்தையின் கூச்சம் நிஜமானது, அடம் அல்ல. அவசரப்படுத்தினால் தட்டைப் பார்த்தாலே அழ ஆரம்பித்துவிடும்.

ஐஸ் கட்டியையே கையில் கொடுத்து எழுத வைக்கலாமே என்று உதவியாளர் கேட்டார். செய்து பார்த்தோம். குழந்தைகளுக்குக் கொண்டாட்டம். ஆனால் விரல் குளிர்ந்து மரத்துப்போனால் கிள்ளிப் பிடிக்கிற சக்தி குறைந்துவிடுகிறது. எழுத்துப் பயிற்சிக்கு அது ஆகாது. மதியம் வெயிலேறின பிறகு விளையாட்டாக மட்டும் வைத்துக்கொண்டோம்.

மொச்சை, பூளைப்பூ, மஞ்சள்

மார்கழியில் அவரையும் மொச்சையும் வீட்டுக்கு வீடு குவியும். தோலோடு கொண்டுவரச் சொன்னோம். உரிப்பதற்கு இரண்டு கை ஒத்துழைக்க வேண்டும், ஒரு கை பிடிக்க வேண்டும், மறு கை பிரிக்க வேண்டும். ஊறவைத்த கொட்டையைப் பிதுக்கினால் பருப்பு துள்ளி வெளியே வரும், விரல் நுனிக்கு இதைவிட நல்ல உடற்பயிற்சி கிடையாது. கொட்டையை மூக்கிலும் காதிலும் போட்டுக்கொள்கிற வயது என்பதால் ஒரு பெரியவர் கூடவே உட்கார வேண்டும், எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்க வேண்டும். உரித்ததை அன்றைக்கே அமுச்சி வீட்டுக்குக் கொடுத்துவிட்டோம். மறுநாள் எல்லாருக்கும் பிதுக்கம்பருப்புக் குழம்பு வந்தது.

போகியன்று இங்கே காப்புக் கட்டு. வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ சேர்த்து வீட்டு வாசலிலும் தோட்டத்திலும் கட்டுவார்கள். பூளைப்பூ வெள்ளை வெளேரென்று, தொட்டால் பூனைக்குட்டி வால் மாதிரி இருக்கும். பெட்டியில் வந்த பஞ்சு செய்ய வேண்டிய வேலையை எங்கள் வகுப்பில் இது செய்தது. அட்டையில் 'ப' வடிவத்துக்குப் பசை தடவி, பூளைப்பூவை ஒட்டி, அதன்மேல் விரலை ஓட்டினார்கள். தொடும் முறை அதேதான், பொருள் மட்டும் காட்டு வரப்பிலிருந்து வந்தது. இதைப் பறிக்கப் போன நடையே ஒரு பாடமாகிவிட்டது.

பொங்கல் முடிந்ததும் வீட்டுக்கு வீடு மஞ்சள் கொத்து மிஞ்சிக் கிடக்கும். ஈரோட்டு மஞ்சளுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த மண்ணின் குழந்தைகளுக்கு மஞ்சளை எழுதுகோலாகக் கொடுக்கவில்லையென்றால் வேறு யாருக்குக் கொடுப்பது! பச்சைக் கிழங்கை விரலின் ஒரு கணு நீளத்துக்கு நறுக்கினோம். நீளம் கூடினால் முஷ்டியில் பிடிப்பார்கள். துண்டு சின்னதாக இருந்தால் மூன்று விரலுக்கு மேல் இடமே இல்லை. சொரசொரப்பான வெள்ளைத்தாளில் அழுத்தித் தேய்த்தால் பளிச்சென்று மஞ்சள் கோடு விழும். மாவில் கையை லேசாக்கிக்கொண்ட பெண் குழந்தைக்கு இங்கே தன் பலத்தை முழுக்கக் காட்ட இடம் கிடைத்தது. இரண்டும் வேண்டும், எங்கே அழுத்துவது, எங்கே விடுவது என்று பிரித்தறிவதுதான் கைத்திறன்.

கோடு காய்ந்ததும் விரலைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து அதே எழுத்தின்மேல் ஓட்டச் சொன்னோம். மஞ்சள் சிவந்துகொண்டே போகும். காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும். ஆரத்தி கரைக்கச் சுண்ணாம்பு சேர்க்கிற கணக்குதான். சுண்ணாம்பு குழந்தைத் தோலுக்கு ஆகாது என்பதால் சோப்பு. விரல் போகும் பாதை பின்னாலேயே சிவப்பாகத் தெரிவதால், கீழிருந்து எழுதுகிற குழந்தை எங்கே தொடங்குகிறாள் என்பதை எனக்கும் அவளுக்கும் அது காட்டிக்கொடுத்தது. தொடங்க வேண்டிய இடத்தில் மட்டும் சோப்புத் தண்ணீரால் ஒரு சிவப்புப் புள்ளி வைத்துக் கொடுத்தோம், கோலத்துக்குப் புள்ளி வைப்பது போல. புள்ளி இருந்தால் மேலிருந்து எழுதினாள்.

தட்டிலிருந்து தாளுக்கு

மாவில் 'ப' போடுகிற குழந்தை தாளில் தானாகப் போட்டுவிடும் என்று நினைக்க வேண்டாம். இடையில் பாலம் வேண்டும். ஒரே நாளில், ஒரே எழுத்தை, முதலில் மாவில், அப்புறம் சிலேட்டில், அப்புறம் தாளில் பெரியதாக எழுத வைத்தோம். சிலேட்டை நாம் அவசரப்பட்டுக் கைவிட்டோம் என்பது என் எண்ணம். பலப்பம் சின்னதாக இருக்கும், உரசுகிற சத்தமும் தடையும் கைக்குத் தகவல் சொல்லும், துடைத்தால் போய்விடும். பலப்பத்தைத் தின்கிற பிள்ளைகள் மேல் மட்டும் ஒரு கண் வேண்டும்.

பெற்றோரைச் சமாளிப்பது தனி வேலை. "நோட்டுல ஒண்ணத்தையும் காணோமுங்களே மிஸ், பக்கத்துப் பள்ளிக்கூடத்துல க, ங, ச வந்துட்டாங்களாம்" என்று ஓர் அப்பா கேட்டார். அவருடைய கவலை நியாயம்தான். மில்லில் ஷிப்ட் பார்த்துக் கட்டுகிற பணம். விளக்கம் சொல்வதைவிட ஒரு சனிக்கிழமை பெற்றோரை வரச்சொல்லி, குழந்தைகள் பக்கத்தில் குந்தி மாவு எடுத்துப் புள்ளி வைக்கச் சொன்னோம். கையைக் கவனியுங்கள் என்று மட்டும் சொன்னேன். அந்த அப்பாவின் கையிலிருந்து மாவு கொத்துக் கொத்தாக விழுந்தது. மகள் "மூணு வெரல்ல எடுங்கப்பா" என்றாள். அதற்கப்புறம் அவர் நோட்டைப் பற்றிக் கேட்கவில்லை. வீட்டில் வெள்ளிக்கிழமைக் கோலத்தில் ஒரு மூலையை அவளுக்கு விட்டுவிடுவதாக அவள் அம்மா சொன்னார்.

தை முடிவில்

கூசுகிற பையன் மாவில் கை வைக்கிறான். களிமண் இன்னும் பிடிக்காது. பென்சிலை மூன்று விரலில் பிடிக்கிறான், கொஞ்ச நேரம் கழித்து நாலாவது விரலும் வந்து சேர்ந்துகொள்கிறது. அவன் வயதுக்கு அது போதும். தாளில் ட, ப இரண்டும் வருகின்றன, ம-வின் வளைவு வரவில்லை. அழுத்தி எழுதுகிற குழந்தையின் பென்சில் முனை இப்போது அடிக்கடி ஒடிவதில்லை, 'பட்டம்' என்று முழுச் சொல்லாக எழுதிக் காட்டினாள், புள்ளியை மட்டும் மிகப் பெரிதாக வைத்து. கீழிருந்து எழுதுகிறவள் புள்ளி இல்லாத தாளில் பழையபடிதான் எழுதுகிறாள். அவளுக்கு இன்னும் நாள் வேண்டும்.

மாசியில் பனி குறையத் தொடங்கும், போசி வேர்ப்பதும் குறையும். மாவுத் தட்டை நிறுத்தவில்லை. பங்குனி வெயிலுக்கு வாய்க்கால் மணலை ஈரமாக்கி வைக்கலாம் என்றிருக்கிறோம். 'அ'வை அதில்தான் தொடங்கப்போகிறோம்.